தேரைத் திருப்புகிறவர்

2021 மே 29. ஊரடங்கு நாட்கள். திருநெல்வேலியில் நான் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லித்தரும் மைதானத்தைப் பூட்டிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. இரவு பதினொன்றரை மணிக்கு சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் ஆட்டக்காரர் பட்டியல் கைபேசியில் வந்தது. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் மான்செஸ்டர் சிட்டியும் செல்சியும் மோதும் ஆட்டம். சிட்டியின் பட்டியலை இரண்டு முறை படித்தேன். ரோட்ரி இல்லை. ஃபெர்னாண்டினியோவும் இல்லை. யாரோ தவறாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பின்கள வீரர்களுக்கு முன்னால், நடுக்களத்தின் அடிவாரத்தில் நிற்கிற ஆட்டக்காரர்கள் அந்த இருவரும். அந்தப் பருவம் முழுக்க, ஏறக்குறைய எல்லா ஆட்டங்களிலும், இருவரில் ஒருவராவது அங்கே நின்றார். இறுதியாட்டத்தில் மட்டும் அந்த இடத்தை இல்கே குந்தோவனிடம் கொடுத்திருந்தார் பெப் குவார்டியோலா. குந்தோவன் அருமையான ஆட்டக்காரர். எதிரணிப் பெட்டிக்குள் சமயம் பார்த்து ஓடிப் புகுந்து, அந்தப் பருவத்தில் சிட்டிக்காக 17 கோல் அடித்தவர், அணியிலேயே அதிகம். அவரைக் கொண்டுபோய்க் கீழே நிறுத்தினால் மேலேயும் நஷ்டம், கீழேயும் நஷ்டம். பந்தில் கெட்டிக்காரர்களை எவ்வளவு நிரப்ப முடியுமோ அவ்வளவு நிரப்பிவிடலாம் என்பது பயிற்சியாளரின் எண்ணம்.

வீட்டில் எல்லோரும் தூங்கியிருந்தார்கள். சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 42-வது நிமிடம். இடப்பக்கம் பந்தை வாங்கிய மேசன் மவுன்ட் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நடுக்களத்தில் ஒரு தெருவே திறந்து கிடந்தது. அதன் வழியே ஒரே ஒரு பாஸ். காய் ஹாவெர்ட்ஸ் ஓடி வந்து, கோல்கீப்பரைத் தாண்டி, காலி வலைக்குள் தட்டிவிட்டார். செல்சி 1–0. கடைசிவரை அதே கணக்கு. ஃபெர்னாண்டினியோ 64-வது நிமிடத்தில்தான் உள்ளே வந்தார்.

அந்தத் தெருவில் நிற்க வேண்டியவர் இல்லாததால் கோல் விழுந்தது என்று மறுநாள் பலரும் சொன்னார்கள். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. எனக்கு அந்த ஆட்டத்தில் அதிகம் வலித்தது சிட்டியின் தாக்குதல். பந்து பெரும்பாலும் அவர்கள் காலில்தான் இருந்தது. ஆனாலும் எதிரணிக் கோல்முனையில் ஒரு தெளிவான வாய்ப்பு உருவாகக் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. பின்னால் ஒருவர் குறைந்தால் முன்னால் ஒருவர் கூடுவார் என்பது கணக்கு நோட்டில் சரி. பந்தைத் தன்வசம் வைத்து ஆடும் அணிக்கு அது பொருந்தாது. அங்கே தாக்குதல் கிளம்பும் இடமே அந்தப் பின்னால் நிற்பவரின் கால்தான். இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கிறவன் என்ற முறையில், இதைப் பெற்றோருக்கும் தேர்வாளர்களுக்கும் சக பயிற்சியாளர்களுக்கும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று நீண்ட நாளாக எண்ணம்.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. நாம் "டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்" என்கிறோம். நாளிதழ்களில் தற்காப்பு நடுக்கள வீரர். கேட்டவுடனே மனதில் வருவது ஒரு காவல்காரர்: முரட்டு ஆள், டேக்கிள் போடுகிறவர், பந்தைப் பிடுங்கிப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர். ஸ்பெயினில் அதே ஆளுக்கு "பிவோத்தே" என்று பெயர். எல்லாம் சுழல்கிற மையம் என்று பொருள். பிரேசிலில் "வொலான்ச்சி". 1930-களின் கடைசியில் ஃபிளமெங்கோ அணிக்கு ஆட வந்த அர்ஜென்டினாக்காரர் கார்லோஸ் வொலான்த்தேயின் பெயர் அது. அவர் ஆடிய இடத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே இன்னொரு பொருளும் உண்டு. வண்டியின் ஸ்டியரிங்.

அதைப் படித்தபோது எனக்கு என் பெரியப்பா நினைவு வந்தது. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேருக்குச் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்களில் அவரும் ஒருவர். ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். எல்லோர் கண்ணும் தேரின் உச்சியில் இருக்கும். பெரியப்பா குனிந்தபடி, புழுதிக்குள், உருண்டு வரும் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால். முட்டுக்கட்டை போடுவது என்றால் பேச்சு வழக்கில் தடுப்பது, கெடுப்பது என்றுதான் அர்த்தம். தேரடியில் அப்படி இல்லை. தெருமுனையில் அந்தப் பெரிய தேர் திரும்புவது அந்தக் கட்டையால்தான். சின்னப் பையனாக இருந்தபோது அவரிடம் கேட்டேன், எப்படிப் பெரியப்பா இது என்று. உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். "நேரா வச்சா நிக்கும்ல. சரிச்சு வச்சாத் திரும்பும்."

அந்தச் சரிப்பைப் பிற்பாடு நான் பார்த்தது செர்ஜியோ புஸ்கெட்ஸிடம்.

புஸ்கெட்ஸ் 1988-ல் பிறந்தவர், பார்சிலோனாவின் முன்னாள் கோல்கீப்பர் ஒருவரின் மகன். 2007–08-ல் ஸ்பெயினின் நான்காம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது பார்சிலோனாவின் இரண்டாம் அணி. அதற்குப் பயிற்சியாளர் குவார்டியோலா. அங்கே ஆடிய இந்த நெடிய ஒல்லிப் பையனை, மறு ஆண்டு முதல் அணிக்குப் பொறுப்பேற்றதும் கூடவே அழைத்துப் போனார். 2009 மே மாதம் ரோமில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் நடுக்களத்தில் நின்றது அந்தப் பையன்தான். யாயா தூரே என்ற மலை போன்ற ஆட்டக்காரர் அதே இடத்துக்கு இருந்தார். அன்றைக்கு அவர் பின்களத்தின் நடுவில் ஸ்டாப்பராக ஆடினார், அடுத்த ஆண்டு அணியை விட்டே போனார். யாயா ஓட்டத்திலும் உடல் பலத்திலும் புஸ்கெட்ஸைவிடப் பல மடங்கு மேல். குவார்டியோலா தேடியது வேறொன்று. அவரே அந்த இடத்தில் ஆடியவர்; யோஹன் கிரைஃப் பயிற்சியாளராக இருந்த பார்சிலோனாவில், வேகமும் இல்லாமல் உடம்பும் இல்லாமல் 1992-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்றவர். அப்படிப்பட்டவரே 2021-ல் அந்த இடத்தை விட்டுக்கொடுத்தாரே என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

புஸ்கெட்ஸின் ஆட்டத்தைப் பதிவில் போட்டு, பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். முதலில் சலிப்பாகத்தான் இருக்கும். ஓடுவது குறைவு. நடப்பார், நிற்பார், இரண்டடி நகர்வார். ஆனால் தலை ஓயாது. ஸ்டாப்பரின் காலிலிருந்து பந்து கிளம்புவதற்கு முன்னால் இடத்தோள் பக்கம் ஒரு பார்வை, வலத்தோள் பக்கம் ஒரு பார்வை. பந்து வந்து சேரும்போது உடம்பு அதற்கு நேராக இருக்காது. பாதி பந்துக்கும் பாதி எதிரணிக் கோலுக்குமாகச் சாய்ந்து நிற்கும். பெரியப்பாவின் கட்டை போல. நேராக நின்று வாங்கினால் வந்த வழியே திருப்பித் தருவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆட்டம் அங்கே நின்றுபோகும். சாய்ந்து நின்று வாங்கினால் ஒரே தொடுதலில் ஆட்டம் மறுபக்கம் திரும்பிவிடும்.

எதிரணி ஃபார்வர்ட் ஒருவர் அவரை நோக்கிப் பாய்ந்து வருவதைக் கவனியுங்கள். மற்றவர்கள் பதறி உதைத்துவிடுவார்கள். புஸ்கெட்ஸ் காத்திருப்பார். இன்னும் ஓர் அடி வரட்டும் என்று. வருகிறவரின் எடை ஒரு காலில் இறங்கும் அந்தக் கணத்தில், இடப்பக்கம் தருவது போலத் தோளை அசைத்து, பாதத்தின் அடியால் பந்தை வலப்பக்கம் உருட்டிவிடுவார். வந்தவர் தாண்டிப் போயிருப்பார். இப்போது எதிரணியில் பந்துக்கு முன்னால் பத்துப் பேர் இல்லை, ஒன்பது பேர்தான். ஸ்பெயின்காரர்கள் இந்தக் காத்திருப்பை "லா பௌசா" என்பார்கள். ட்ரிப்ளிங் செய்து ஓர் ஆளைத் தாண்டுகிற விங்கருக்கு அரங்கமே எழுந்து கைதட்டும். நின்ற இடத்தில் நின்றபடி ஓர் ஆளைத் தாண்டுகிறவருக்குக் கைதட்டல் இல்லை. எதிரணிக்கு ஆகும் சேதம் இரண்டிலும் ஒன்றுதான்.

சில நேரம் பந்தை வாங்கி, கொடுத்தவரிடமே உடனே திருப்பிக் கொடுப்பார். ஒன்றுக்கும் உதவாத பாஸ் என்று தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து கடிந்துகொள்வோம். அந்தப் போய்வருதலில் எதிரணி நடுக்கள வீரர் இரண்டடி முன்னால் இழுபட்டிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் ஸாவியோ இனியெஸ்டாவோ நிற்பதற்கு இடம் பிறந்திருக்கும். அடுத்த பாஸ் ஸ்டாப்பரிடமிருந்து நேரே அங்கே போகும். கோலுக்கு முந்தைய பாஸை எண்ணுகிறார்கள். அதற்கும் முந்தையதை இப்போது சிலர் எண்ணுகிறார்கள். நான்கு பாஸுக்கு முன்னால் ஓர் ஆளை இரண்டடி இழுத்தவர் யார் என்று எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

2010 உலகக் கோப்பையில் ஸ்பெயின் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 0–1 என்று தோற்றது. உடனே பழி விழுந்தது நடுக்களத்தின் மேல்தான். புஸ்கெட்ஸ், ஸாபி அலோன்சோ என்று இரண்டு தற்காப்புக்காரர்கள் எதற்கு, ஒருவரை எடுத்துவிட்டுத் தாக்குதலுக்கு ஆள் போடுங்கள் என்றார்கள். பயிற்சியாளர் விசென்தே தெல் போஸ்கே அசையவில்லை. மறுபடி ஆட்டக்காரனாக முடிந்தால் புஸ்கெட்ஸ் போல ஆடவே ஆசைப்படுவேன் என்கிற பொருளில் பேசினார். இருவரும் இறுதியாட்டம் வரை ஆடினார்கள். ஏழு ஆட்டங்களில் ஸ்பெயின் வாங்கிய கோல் இரண்டு. அடித்ததும் எட்டுதான் என்று இன்றைக்கும் குறை சொல்பவர்கள் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் நெதர்லாந்துக்கு எதிராக 116-வது நிமிடம் வரை பதறாமல் தாக்கிக்கொண்டே இருக்க முடிந்தது எதனால் என்று அவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தின் நுட்பம் இன்னொன்று. பந்து கோல்கீப்பரிடம் இருக்கும்போது, நடுக்களத்தின் அடிவாரத்தில் இருப்பவர் இன்னும் கீழே இறங்கி இரண்டு ஸ்டாப்பர்களுக்கும் நடுவில் நிற்பார். பார்க்கிறவர்களுக்கு அணி பயந்து பின்வாங்குவது போலத் தெரியும். நடப்பது நேர்மாறு. ஸ்டாப்பர்கள் இருவரும் பக்கவாட்டில் விலகுவார்கள். அவர்களுக்கு அந்தப் பக்கம் இருந்த விங் பேக்குகள் இருவரும் எதிரணிப் பாதிக்குள் ஏறிவிடுவார்கள். ஒருவர் கீழே இறங்கியதால் இருவர் மேலே போனார்கள். 2006 உலகக் கோப்பையில் மெக்சிகோவுக்குப் பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினாக்காரர் ரிக்கார்டோ லா வோல்பேயின் பெயரால்தான் இந்த வழக்கத்தை இன்றும் அழைக்கிறார்கள். டானி ஆல்வெஸ் பார்சிலோனாவில் விங் பேக் என்ற பெயரில் ஒரு முழு ஃபார்வர்டாகவே ஆட முடிந்தது அந்த இறக்கத்தால்தான்.

பந்து பறிபோகிற கணமும் முக்கியம். ஆறு பேர் எதிரணிக் கோல்முனையில் குவிந்து நிற்கும்போது பந்து போனால், எதிரணிக்குக் கிடைக்கும் முதல் பாஸ் எங்கே போகும் என்பதை முன்பே கணித்து அங்கே நிற்க வேண்டியவர் இவர். கணிப்பு சரியாக இருந்தால் மூன்று நொடியில் பந்து திரும்ப வந்துவிடும். எதிரணி மூச்சு வாங்குவதற்குள் அடுத்த தாக்குதல். இப்படி ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் முன்னால் இருப்பவர் கடினமான பாஸை முயல்வார், விங்கர் இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்து பார்ப்பார். கணிப்பு பிசகும் நாளில் சட்டையைப் பிடித்து இழுத்து மஞ்சள் அட்டை வாங்குவதும் இவர்தான். அது விளையாட்டுக்கு அழகில்லை என்பது என் கருத்து. என் பிள்ளைகளுக்கு நான் அதைச் சொல்லித் தருவதில்லை.

ஒரு நியாயமான கேள்வி எழும். அதே 2021 இறுதியில் ஆட்ட நாயகன் செல்சியின் கான்டே ஆயிற்றே, அவர் ஓடி ஓடிப் பந்தைப் பறிக்கிறவர்தானே, அப்படியானால் காவல்காரர்தானே ஜெயித்தார்? கான்டே மீது எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. 2016-ல் லெஸ்டர் சிட்டி இங்கிலாந்தின் பட்டத்தை வென்றபோதும், 2018-ல் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றபோதும் அவர் இருந்தார். ஆனால் அந்த அணிகள் பந்தை எதிரணியிடம் விட்டுவிட்டு, பறித்தவுடன் பாய்கிற அணிகள். அங்கே பறிக்கிற கால்தான் தாக்குதலின் தொடக்கம். பந்தை விடாமல் வைத்து ஆட முடிவெடுத்த அணி கான்டேயைப் போட்டு ஆடலாம். ஆனால் அவர் பக்கத்தில் ஒரு ஜோர்ஜினியோ வேண்டும். அன்றைக்கு செல்சியிடம் ஜோர்ஜினியோவும் இருந்தார். எந்த ஆட்டத்துக்கு எந்த ஆள் என்று பார்க்காமல், "டிஃபென்சிவ்" என்று ஒரே பட்டியலில் அடைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்த இடத்துக்குச் சம்பளத்திலும் மரியாதை கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. 2003 கோடையில் டேவிட் பெக்கமை வாங்கிய ரியல் மாட்ரிட், இந்த இடத்தில் ஆடிய கிளோத் மக்கலேலேயைச் செல்சிக்கு விற்றது. ஸிதான், ஃபிகோ, ரொனால்டோ, பெக்கம், ராவுல் என்று முன்னால் ஒரே நட்சத்திரங்கள். அந்தப் பருவத்தின் லீகில் கடைசி ஐந்து ஆட்டங்களிலும் தோற்று நான்காவதாக முடித்தார்கள். சாம்பியன்ஸ் லீகில் மொனாக்கோ வெளியேற்றியது. 2004–05-ல் மக்கலேலே ஆடிய செல்சி, 38 லீக் ஆட்டங்களில் 15 கோல் மட்டும் வாங்கிப் பட்டம் வென்றது. இங்கிலாந்தில் அந்த இடத்தையே பல ஆண்டுகள் "மக்கலேலே இடம்" என்று அழைத்தார்கள். மக்கலேலே பந்தைக் கையாள்வதில் புஸ்கெட்ஸ் அளவுக்கு வரமாட்டார். அவரே இல்லாமல் போனால் இவ்வளவு சரிவு என்றால், தாக்குதலையும் சேர்த்து நடத்துகிறவர் இல்லாமல் போனால்?

அதற்கு விடை ரோட்ரி. போர்ட்டோவில் உட்கார வைக்கப்பட்ட அதே ரோட்ரி.

படிப்பை விடாதவர். வியாரியால் அணியில் ஆடிய நாட்களில் கல்லூரி விடுதியில் தங்கிக்கொண்டு வணிக நிர்வாகம் படித்தார். 2019-ல் சிட்டிக்கு வந்தபோது வேகம் போதாது, இங்கிலாந்தின் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க மாட்டார் என்றார்கள். 2023 ஜூன் 10, இஸ்தான்புல். மறுபடி சாம்பியன்ஸ் லீக் இறுதி, இன்டர் மிலானுக்கு எதிராக. இந்த முறை அவர் களத்தில். பக்கத்திலேயே ஜான் ஸ்டோன்ஸ், ஸ்டாப்பராக இருந்து நடுக்களத்துக்கு ஏறி வந்து நின்றார். அதனால் ரோட்ரிக்கு இன்னும் சற்று முன்னால் போக முடிந்தது. 68-வது நிமிடம். அக்கான்ஜி ஏறிவந்து கொடுத்த பந்தை பெர்னார்டோ சில்வா வலது கோட்டோரத்திலிருந்து பின்னுக்கு வெட்டித் தர, அது ஒரு காலில் பட்டு பெட்டியின் விளிம்புப் பக்கம் உருண்டது. அங்கே ரோட்ரி. எதிரே ஒரு கூட்டமே நின்றது. வேறு யாராக இருந்தாலும் பலம் கொண்ட மட்டும் அடித்திருப்பார்கள். அவர் பாதத்தின் உட்பக்கத்தால், ஒரு பாஸ் கொடுப்பது போல, இரண்டு பேருக்கு இடையில் இருந்த சந்தில் அனுப்பினார். கோல்கீப்பர் ஒனானா அசையக்கூட இல்லை. 1–0. இரவு இரண்டு மணிக்கு மேல் என் வீட்டுக் கூடத்தில் நான் எழுந்து நின்று கைதட்டினேன். என் மனைவி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். இடத்துக்கு நியாயம் கிடைத்துவிட்டது என்று சொன்னேன்.

மறு பருவத்தில் எதிரணி வீரர் ஒருவரின் கழுத்தில் கை வைத்ததற்காக ரோட்ரிக்குச் சிவப்பு அட்டை, மூன்று ஆட்டத் தடை. லீக் கோப்பையில் நியூகாசில், லீகில் வுல்வ்ஸ், ஆர்சனல்: மூன்றிலும் சிட்டி தோல்வி. டிசம்பரில் மஞ்சள் அட்டைகள் சேர்ந்து இன்னொரு தடை. ஆஸ்டன் வில்லாவிடம் தோல்வி. அந்தப் பருவம் முழுவதும் லீகில் சிட்டி தோற்றது மூன்றே ஆட்டங்கள். மூன்றிலும் அவர் இல்லை. இன்னொரு பக்கம், ஷூட்அவுட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 2023 பிப்ரவரி முதல் 2024 மே வரை சிட்டிக்காக அவர் ஆடிய 74 ஆட்டங்களில் ஒரு தோல்விகூட இல்லை.

2024 செப்டம்பர் 22 அன்று ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய வலது முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்தக் குளிர்காலத்தில் சிட்டி 13 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் வென்ற காலம் வந்தது. ஃபெயனூர்டுக்கு எதிராக 74-வது நிமிடம் வரை 3–0 என்று முன்னிலை. ஆட்டம் முடியும்போது 3–3. முந்தைய பருவத்தில் 91 புள்ளி எடுத்த அணி 71 புள்ளியோடு மூன்றாவதாக முடித்தது. வேறு பலருக்கும் காயம், சிலருக்கு வயது. எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டுவது நேர்மையாகாது. ஆனால் அந்த மாதங்களில் சிட்டியின் முன்கள ஆட்டக்காரர் ஹாலண்ட் பந்துக்காகக் காத்து நின்ற நேரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வறண்டது ஆற்றின் முகத்துவாரம் இல்லை, மேலே ஊற்று.

காயம்பட்ட அதே ஆண்டு அக்டோபரில் ரோட்ரி பாரீஸில் ஊன்றுகோலோடு மேடையேறி பாலன் டி'ஓர் விருதை வாங்கினார். அந்த ஜூலையில் யூரோ 2024-ன் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். பெர்லின் இறுதியாட்டத்தில் காயத்தால் இடைவேளையோடு வெளியேறினார், ஸ்பெயின் கலங்கவில்லை. உள்ளே வந்த மார்ட்டின் ஸுபிமென்டியும் அதே வகை ஆட்டக்காரர். இரண்டாம் பாதி தொடங்கிய இரண்டே நிமிடத்தில் நிக்கோ வில்லியம்ஸ் கோல் அடித்தார். ஒருவர் போனால் இன்னொருவர் வர, ஊர் ஊராகச் சின்ன வயதிலேயே இப்படிப்பட்ட பையன்களைக் கண்டுபிடித்து வளர்க்கிறார்கள்.

நம் மைதானங்களில் என்ன செய்கிறோம்? அணி பிரிக்கும்போது வேகமான பையன் முன்னால். உயரமானவன் ஸ்டாப்பர். மிச்சம் இருப்பவனை, "நீ நடுவுல நின்னு தட்டி விடுல" என்று அந்த இடத்தில் நிறுத்துகிறோம். பெற்றோர் வந்து தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "சார், எம் பையன முன்னால ஆட விடுங்க சார், பின்னால நின்னா யாரு பாப்பா?" அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பார்க்காமல் இருப்பது நாம்தானே. வியாசர்பாடியிலிருந்து கிளம்பி சென்னையின் எஃப்சிக்கும் இந்திய அணிக்கும் ஆடிய தனபால் கணேஷ் இந்த இடத்தில் ஆடியவர் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

நான் செய்கிற பயிற்சி மிகச் சின்னது. பையன் என்னைப் பார்த்து நிற்பான். அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு பையன் விரல்களை உயர்த்திக் காட்டுவான்: இரண்டு, நான்கு, ஒன்று என்று மாற்றி மாற்றி. நான் பந்தை உருட்டுவேன். பந்து அவன் காலைத் தொடுவதற்குள் பின்னால் எத்தனை விரல் என்று சொல்லிவிட வேண்டும். முதல் வாரம் யாராலும் முடியாது. பந்தைப் பார்த்தால் விரல் தெரியாது, விரலைப் பார்த்தால் பந்து காலை விட்டு ஓடும். இரண்டு மாதத்தில் கழுத்து தானாகத் திரும்பப் பழகும். அதன் பிறகு, எந்தப் பக்கம் விரல் இல்லையோ அந்தப் பக்கம் முதல் தொடுதலிலேயே திரும்பச் சொல்வேன். பணம் செலவில்லை. இரண்டு பையன்கள், ஒரு பந்து.

அதில் தேறிய ஒரு பதினான்கு வயதுப் பையனை ஒரு தேர்வுக்கு அழைத்துப் போனேன். வெயிலில் நாற்பது நிமிட ஆட்டம். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து என் நோட்டில் எண்ணிக்கொண்டிருந்தேன். பந்து அவனிடம் வந்தது 51 முறை, எதிரணியிடம் தொலைத்தது இரண்டு முறை. அவன் அணி அடித்த மூன்று கோலும் அவன் காலைத் தொட்டுத்தான் போயின. தேர்வாளர்கள் கையில் இருந்த தாளை அருகில் போய்ப் பார்த்தேன். கோல், வேகம், உயரம், ட்ரிப்ளிங், ஷாட் என்று கட்டங்கள். அவன் பெயருக்கு நேரே எல்லாக் கட்டத்திலும் ஒரு கோடு. கோல் அடித்த மூன்று பையன்களும் தேர்வானார்கள். திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் வந்தான். வண்டி ஊருக்குள் நுழையும்போது கேட்டான்: "சார், நான் ஒரு கோலாவது அடிச்சிருக்கணுமோ?" நோட்டை எடுத்து அவன் மடியில் வைத்தேன். ஒவ்வொரு கோடாக விரல் வைத்து எண்ணிப் பார்த்தான். 51 வந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.

அடுத்த தேர்வு வரப்போகிறது. அந்தத் தாளில் இன்னும் இரண்டு கட்டம் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பந்து வருமுன் திரும்பிப் பார்த்தது எத்தனை முறை. வாங்கிய பந்தில் முன்னோக்கித் திருப்பியது எத்தனை. எண்ணுவதற்கு ஆள் போதாது என்று சொன்னால், நான் வருகிறேன். காலை ஆறு மணியிலிருந்து மாலை வரை கோட்டோரம் உட்கார்ந்து, எந்த ஊர்ப் பையனாக இருந்தாலும் சரி, எண்ணி எழுதித் தருகிறேன்.